தலைகீழாகச் சுற்றிய கடல் சுழல்: என் அனுபவம்

கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு வங்காள விரிகுடாவின் சுழல்களை வரைந்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். செயற்கைக்கோள் அளக்கும் கடல்மட்டத் தரவை எங்கிருந்தும் இறக்கலாம்.

முன்கணிப்பு மாடலோடு ஒப்பிட, 0.25 டிகிரி கட்டத் தரவிலிருந்து பைத்தான் நிரலில் நீரோட்ட வேகம் கணக்கிட்டேன். படத்தில் வடக்கு 12.6, 15.6 டிகிரிகளில் கிழக்கு மேற்காகப் பட்டை போட்டது போலப் பேய்வேகம். அதைவிட மோசம், 16 டிகிரியில் கடல்மட்ட மேட்டைச் சுற்றி இடஞ்சுழி. வட அரைக்கோளத்தில் அது வலஞ்சுழியாகத்தான் இருக்க வேண்டும். நீர் சரிவில் இறங்காது. மலைச்சரிவின் தேயிலை வரிசை போலச் சமமட்டத்திலேயே சுற்றும்.

தரவைச் சந்தேகப்பட்டு மறுபடி இறக்கியது வீண். கோளாறு நிரலின் கொரியாலிஸ் வரியில் இருந்தது. பூமி சுழல்வதால் நீர் திசைதிரும்பும் விளைவு அது; அட்சரேகையின் சைனைக் கொண்டு அதைக் கணக்கிட்டு, கடல்மட்டச் சரிவை அதனால் வகுத்துத்தான் வேகம் எடுக்கிறோம். பைத்தானின் சைன் சார்பு கோணத்தை ரேடியன் என்ற அலகில் கேட்கும். நான் டிகிரியை அப்படியே கொடுத்திருந்தேன். 16 ரேடியனுக்கு சைன் மைனஸ் 0.288, 16 டிகிரிக்கு 0.276. திசை தலைகீழாகாமல் என்ன செய்யும்? 12.57, 15.71 ரேடியன்களில் சைன் பூஜ்யம்; பூஜ்யத்தை ஒட்டிய எண்ணால் வகுத்தால் வேகம் எகிறும்.

அட்சரேகையை 3.1416-ஆல் பெருக்கி 180-ஆல் வகுத்தேன். சரிபார்க்கக் கைக்கணக்கு: 13 டிகிரியில் 100 கி.மீ.க்கு 10 செ.மீ. சரிவு என்றால் நொடிக்குச் சுமார் 30 செ.மீ. வந்தது.

நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 5 டிகிரியை மறைத்துவிடுங்கள். அங்கே இந்தச் சூத்திரத்தை நம்ப முடியாது. சராசரியிலிருந்து விலகலை மட்டும் தரும் மாறியை எடுக்காதீர்கள், நிலையான நீரோட்டம் காணாமல் போகும்.