சியானுக்குப் போகுமுன் நான்கு பெட்டி வரைந்துகொள்ளுங்கள்

சீனாவின் பழைய தலைநகரான சியானுக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை ஒரு பயணக் குழுவோடு. காலையில் களிமண் வீரர்கள் (பேரரசரின் கல்லறையருகே புதைத்துவைத்த சிலைப்படை), மதியம் பட்டுக்கடை, சாயங்காலம் பச்சைக்கல் கடை, ராத்திரி விமானம். ஊரைப் பார்த்தேனா என்று கேட்டால், கடைகளைப் பார்த்தேன். இரண்டாம் தடவை மகளோடு போய் ஐந்து நாள் தங்கினேன். இது அந்தப் பயணத்தில் கற்றது.

முப்பது வருஷம் நில அளவையராக இருந்தவன் நான். எது எங்கே இருந்தது என்று புரியாவிட்டால் வரலாறு எனக்குத் தலையில் ஏறாது. சியானில் சிக்கலே அதுதான். ஒவ்வொரு வம்சமும் தலைநகரைச் சற்றுத் தள்ளித் தள்ளிக் கட்டியது. அதனால் கிளம்புமுன் ஒரு தாள் எடுங்கள். மேலே குறுக்காக ஒரு கோடு, அது வெய் ஆறு. ஆற்றுக்கு வடக்கே ஒரு பெட்டி: சின் வம்சத்தின் சியான்யாங். ஆற்றுக்குத் தெற்கே இடதுபக்கம் இன்னொன்று: ஹான் காலத்துச் சாங்கான். அதற்குத் தென்கிழக்கே மிகப் பெரிய பெட்டி. சுய் பேரரசர் 582-இல் கட்டத் தொடங்கி, பிறகு தாங் வம்சத்தின் சாங்கானாகப் புகழ்பெற்ற நகரம் அது. கிழக்கு மேற்காக 9.7 கி.மீ., வடக்கு தெற்காக 8.6 கி.மீ. கோடு போட்டு, கட்டம் கட்டமாகப் பிரித்து, அப்புறம் ஆட்களைக் குடியேற்றிய ஊர். என் தொழில்காரன் எவனும் அதைப் பார்த்து ஒரு நிமிஷம் பெருமூச்சு விடுவான். அந்தப் பெட்டிக்குள், வடக்கு ஓரத்தை ஒட்டி நான்காவதாக ஒரு குட்டிப் பெட்டி. இன்று நிற்கிற மிங் காலத்து மதில். களிமண் வீரர்கள் இந்த நான்கிலும் இல்லை. கிழக்கே 35, 40 கி.மீ. தள்ளி ஒரு புள்ளி வையுங்கள்.

முதல் நாள் மதில் மேல் ஏறுங்கள். தெற்கு வாசலில் ஏறினால் அங்கேயே வாடகை சைக்கிள் கிடைக்கும். ஒரு சுற்று 13.7 கி.மீ. மேல்தளம் 12 மீட்டருக்குக் குறையாத அகலம், விழுந்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் செங்கல் தளம் ஏறி இறங்கி இருக்கும். பாதிச் சுற்றிலேயே இடுப்பு தன் கருத்தைச் சொல்லிவிடும். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

அப்புறம் பெரிய காட்டுவாத்துக் கோபுரம். மதிலுக்குத் தெற்கே சில கி.மீ. தள்ளி இருப்பதால், ஊருக்கு வெளியே கட்டினார்கள் என்று நினைப்போம். இப்போது உங்கள் தாளைப் பாருங்கள். தாங் காலத்தில் அது ஊருக்குள்ளேதான் இருந்தது. ஊர்தான் சுருங்கிவிட்டது. பள்ளிப் பாடத்தில் படித்தோமே யுவான் சுவாங், காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதியவர், அவர் இந்தியாவிலிருந்து 645-இல் திரும்பி, கொண்டுவந்த சுவடிகளைப் பாதுகாக்க 652-இல் எழுப்பச் சொன்ன கோபுரம் இது. ஏழு நிலை, 64 மீட்டர். ஏறி ஜன்னலில் நின்று பார்த்தால் தெருக்கள் கயிறு பிடித்த மாதிரி நேராக ஓடும்.

எனக்குப் பிடித்தது என்னவோ சின்னக் காட்டுவாத்துக் கோபுரம்தான். கூட்டம் குறைவு, மரநிழல் உண்டு. 1487-இல் நிலநடுக்கத்தில் மேலிருந்து கீழ்வரை பிளந்து, 1521-இல் இன்னொரு நடுக்கத்தில் தானாகவே சேர்ந்துகொண்டதாம். 1551-இல் வாசல் கல்லில் ஒருவர் செதுக்கிவைத்த குறிப்பு அப்படிச் சொல்கிறது. 1556-இன் பெரும் நடுக்கத்தில் உச்சி போய்விட்டது. பதினைந்து நிலையில் மிஞ்சியது பதின்மூன்று.

ஒரு முழுக் காலையைக் கல்வெட்டுக் காட்டுக்கு, அதாவது பழைய கல்வெட்டுகளை வரிசையாக நிறுத்திவைத்த அருங்காட்சியகத்துக்கு, ஒதுக்குங்கள். தெற்கு வாசலிலிருந்து நடந்தே போய்விடலாம். பெயர்ப்பலகையில் ‘கல்வெட்டு’ என்ற சீன எழுத்தில் ஒரு கீற்று குறைகிறது. எழுத்துத் தெரிந்தவர் யாரையாவது காட்டச் சொல்லுங்கள், எனக்கு ஓர் இளைஞன் உள்ளங்கையில் எழுதிக் காட்டினான். உள்ளே 837-இல் செதுக்கி முடித்த 114 கற்கள் வரிசையாக நிற்கின்றன. மாணவர்கள் பிழையில்லாமல் படியெடுக்க, செவ்வியல் நூல்களையே கல்லில் வெட்டி வைத்தார்கள். அதையடுத்து 781-ஆம் ஆண்டின் கிறிஸ்தவக் கல்வெட்டைத் தேடுங்கள். சீன எழுத்தோடு, மேற்காசியக் கிறிஸ்தவர்களின் பழைய மொழியான சிரியாக்கின் எழுத்தும் இருக்கும். கீழ்ப்பகுதியைக் குனிந்து பார்த்தால்தான் தெரியும், முக்கால்வாசிப் பேர் தவறவிடுகிறார்கள்.

நாங்கள் போனபோது ஒருவர் கல்லில் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் எழுத்துக் குழிகளுக்குள் அழுத்தி, மை தோய்த்த துணிப்பொதியால் டப் டப் என்று தட்டிக்கொண்டிருந்தார். தாள் கறுத்துக்கொண்டே வர, எழுத்து வெள்ளையாக எழும்பியது. அரைமணி நேரம் நின்றோம். கற்கள் ஏன் அப்படிக் கரேலென்று பளபளக்கின்றன என்பதும் அப்போதுதான் புரிந்தது.

ஷான்சி வரலாற்று அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு கட்டாயம். கடவுச்சீட்டு எண் கேட்பார்கள். பயணத் தேதி உறுதியானதும் முதல் வேலையாக இதைப் பாருங்கள். தாங் பேரரசர்கள் இருந்த டாமிங் அரண்மனையில் இன்று பெரும்பாலும் அடித்தளங்கள்தான். 904-இல் தலைநகரை லுவோயாங்குக்கு மாற்றியபோது சாங்கானின் கட்டடங்களைப் பிரித்து, மரங்களை வெய் ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். நேரமிருந்தால் போகலாம்.

சாப்பாட்டுக்கு முரசுக் கோபுரத்தின் பின்னால் இருக்கும் முஸ்லிம் தெருக்கள். பாவ்மோ (குழம்பில் ஊறிய ரொட்டி) கேட்டால் காலிக் கிண்ணத்தையும் கெட்டி ரொட்டியையும் கையில் கொடுப்பார்கள். கோபப்படாதீர்கள், பிய்ப்பது நம் வேலை. மொச்சைக்கொட்டைக்கும் சின்னதாகப் பிய்க்க வேண்டும். நான் அவசரத்தில் பெரிசாகப் பிய்த்தேன், குழம்பு உள்ளே இறங்கவே இல்லை.

களிமண் வீரர்களைக் கடைசி நாளுக்கு வையுங்கள். 1974-இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்டெடுத்தவை. காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். முதல் குழி 230 மீட்டர் நீளம், முன்பக்கக் கம்பியருகே நெரிசல் தாங்காது. நேராகப் பின்பக்கம் நடங்கள். அங்கே உடைந்த துண்டுகளை ஒட்டி நிமிர்த்தும் வேலை நடக்கும், பார்க்க இடமும் இருக்கும். வெளியே வந்தபின், இந்தப் படை யாருக்காகவோ அந்த முதல் சீனப் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறை மேட்டுக்கும் ஒரு நடை. யாரும் தோண்டாத மேடு. மண்ணில் பாதரசம் மிகுதி என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். மேலே மரங்களைத் தவிர வேறொன்றுமில்லை, என் மகள் பத்து நிமிஷத்தில் கிளம்பலாம் என்றாள். நான் ஒரு பக்கத்தை அடியால் அளந்துவிட்டுத்தான் வந்தேன்.