வெப்பநிலையைப் பார்த்து ஊர் தேடாதீர்கள், மழை மாதத்தைப் பாருங்கள்

நம் ஊரைப் போலவே வெயிலும் மழையும் உள்ள ஊர் வேறு எங்கே இருக்கிறது, அங்கே என்ன விதைக்கிறார்கள், அதை எப்படிச் சமைக்கிறார்கள் என்று தேடுவது ரொம்ப நல்ல பழக்கம். தோட்டம் போடுகிறவர்களும் சமையலில் ஆர்வம் உள்ளவர்களும் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும். ஆனால் பலர் முதல் படியிலேயே தவறிவிடுகிறார்கள். உலகக் காலநிலை வரைபடத்தைத் திறந்து, தங்கள் ஊருக்கு என்ன நிறமோ அதே நிறம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அங்கிருந்து விதை வாங்கலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள்.

தூத்துக்குடியை எடுத்துக்கொள்வோம். உலகக் காலநிலைகளை வெப்பத்தையும் மழையையும் வைத்துப் பிரிக்கும் கோப்பன் வகைப்பாட்டில் தூத்துக்குடியும் ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டின் தலைநகர் நியாமேயும் ஒரே வகை, வெப்பமான அரை வறட்சிப் பகுதி. ஆண்டு மழையும் இரண்டுக்கும் சுமார் 550 முதல் 650 மில்லிமீட்டர் வரைதான். ஆனால் நியாமேயில் மழை கொட்டுவது ஆகஸ்டில், அப்போது தூத்துக்குடியில் ஆடிக் காற்றில் புழுதிதான் பறக்கும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. அதனால் 12 மாத மழையையும் தனித்தனியாக எழுதி, இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெற்கு அரைக்கோளத்து ஊர் என்றால் 6 மாதம் தள்ளிப் படிக்க வேண்டும்.

அப்படித் தேடினால் வந்து நிற்கிற ஊர் வியட்நாமின் தென்கிழக்குக் கரையில் உள்ள பான் ராங். அந்த நாட்டிலேயே மிக வறண்ட பகுதிகளில் ஒன்று, மழையின் உச்சம் அக்டோபர், நவம்பரில். காரணமும் நம் காரணம்தான்: கிழக்குப் பார்த்த கடற்கரை, மேற்கே தென்மேற்குப் பருவமழையை மறிக்கும் மலைகள். அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்துவிட்டது. உப்பளம், ஆட்டு மந்தை, வேப்பமரம், திராட்சைப் பந்தல், சோற்றுக்கற்றாழை வயல், அப்புறம் பெரிய பெரிய இலந்தைப் பழம். நாம் இலந்தையை இடித்து வடை தட்டுகிறோம், அவர்கள் ஆப்பிள் மாதிரி நறுக்கிச் சாப்பிடுகிறார்கள்.

அடுத்த தவறு, பகல் நீளத்தை மறப்பது. இது நம் விவசாயிகளுக்குப் புதிதில்லை. பழைய சம்பா நெல் வகைகள் பல, பகல் குறுகும்போதுதான் கதிர் தள்ளும். அதனால்தான் பட்டம் தவறக் கூடாது என்கிறோம். சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியின் நாட்டுக் கம்பும் சோளமும் அப்படித்தான், நீண்ட பகலில் முளைத்து வளர்ந்து மழை முடியும் நேரத்தில் பூக்கும். அதைக் கொண்டுவந்து புரட்டாசியில் விதைத்தால் வளர்வதற்கு முன்பே பூத்துக் குட்டையாக நின்றுவிடும். டிராகன் பழத்துக்கும் பூக்க நீண்ட பகல் வேண்டும், வியட்நாமில் பருவம் இல்லாத மாதங்களில் தோட்டம் முழுக்க இரவில் விளக்குப் போட்டுத்தான் பூக்க வைக்கிறார்கள்.

'இத்தாலியிலும் மழை குளிர்காலத்தில்தான், இங்கேயும் அப்படித்தான், ஆலிவ் வைக்கலாமா?' என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. ஆலிவ் மொட்டு வைக்க வாரக்கணக்கில் நல்ல குளிர் வேண்டும். நம் சமவெளியில் மரம் பச்சைப்பசேல் என்று வளரும், காய்க்காது. ஊட்டியை இங்கிலாந்தோடு ஒப்பிடுவதிலும் இதே பிழை இருக்கிறது. ஊட்டியில் உருளைக்கிழங்கும் கேரட்டும் நன்றாக வந்தது உண்மைதான். ஆனாலும் ஊட்டி, கொடைக்கானலுக்கு நெருங்கிய சொந்தம் மெக்சிகோ, ஆண்டிஸ் மலைகளில்தான்: ஆண்டு முழுக்க மிதமான குளிர், பகல் நீளத்தில் பெரிய மாற்றம் கிடையாது. சௌசௌ, மரத்தக்காளி எல்லாம் அந்த மலைகளிலிருந்து வந்து இந்த மலைகளில் சுகமாக வளர்கின்றன.

காலநிலை அளவுக்கு மீறிப் பொருந்துவதும் ஆபத்து. சீமைக்கருவேலம் நம் வறண்ட மாவட்டங்களில் என்ன செய்தது என்று சொல்லவே வேண்டாம். ஆடுமாடு காயைத் தின்று விதையைப் பரப்பியது, கண்மாய்களெல்லாம் காடாகிவிட்டன. மரம் வந்தது, அதைச் சுற்றியிருந்த சமையல் வரவில்லை. பெருவின் வடக்கே பியூரா பக்கம் அதற்கு நெருங்கிய சொந்தமான மரத்தின் காயிலிருந்து அல்கரோபினா என்ற இனிப்புப் பாகு காய்ச்சுகிறார்கள், நமக்கு அது விறகும் கரியும் மட்டும்தான். எந்த வெளியூர் விதையையும் மண்ணில் போடுவதற்கு முன், அது தானாகப் பரவுமா என்று விசாரித்துவிடுங்கள்.

சமையல் அறிவை விட்டுவிட்டுப் பயிரை மட்டும் எடுத்தால் உடம்பும் கெடும். மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்துத்தான் அரைப்பார்கள், அப்போதுதான் அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேரும். ஐரோப்பா மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்டது, விளைவு: ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் அதையே தின்று வாழ்ந்த ஏழைகளுக்கு, நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது கடைசித் தவறு. நம்மிடம் இல்லாததையே தேடுகிறோம். ஒரே காலநிலையில் ஒரே பொருளை அடுத்தவர் வேறு விதமாகக் கையாள்வதுதான் பெரிய புதையல். வியட்நாமின் அந்தக் கரையில் நெத்தலியும் உப்பும் சேர்த்துப் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறவைத்து மீன் சாறு எடுக்கிறார்கள், நம் கரையில் அதே நெத்தலி, அதே உப்பு, கருவாடாகிறது. தெற்கே மேக்கோங் ஆற்றுப் பக்கம் போனால் வேப்பங்கொழுந்தையும் பூவையும் வெந்நீரில் போட்டு எடுத்து (அவர்களுடையது கசப்புக் குறைந்த வகை), மாங்காய், வெள்ளரி, கருவாடு சேர்த்துப் புளிச்சாற்றோடு சாப்பிடுகிறார்கள். சித்திரை முதல் நாள் நாம் செய்கிற வேப்பம்பூ மாங்காய்ப் பச்சடியிலிருந்து அது எவ்வளவு தூரம்? வெல்லத்துக்குப் பதில் கருவாடு. அடுத்த பங்குனியில் பூ உதிரும்போது ஒரு கைப்பிடி கூடுதலாக எடுத்து வையுங்கள்.