காவல் நிலையத்தில் நடந்ததை ஆவணமாக வாங்குவது எப்படி? ஆர்டிஐ மனு வழிகாட்டி

"என் தம்பியை எதற்காக அடித்தீர்கள்?" என்று தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவில் எழுதினால், "இது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சட்டப்படி அந்தப் பதில் தவறும் இல்லை. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றுத் தரும். விளக்கமோ காரணமோ அதில் கிடைக்காது. எனவே ஒரு சம்பவம் எந்த அலுவலகத்தில், எந்தப் பதிவேட்டில் தடம் விட்டிருக்கும் என்று கணக்குப் போட்ட பிறகே பேனாவை எடுக்க வேண்டும். கீழே உள்ளவை தமிழ்நாட்டுக்கானவை.

முதலில் சிசிடிவி

மற்ற காகிதங்கள் காத்திருக்கும், கேமரா காட்சி காத்திருக்காது. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நுழைவாயில், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை உள்ளிட்ட இடங்களில் ஒலியோடு பதிவாகும் கேமரா இருக்க வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கான கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டு. நடைமுறை வேறு. அதே ஆண்டு ஜூனில், காவலில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளம் வழக்கில் நிலையத்துக்கு விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவர், வன்தட்டில் போதிய இடம் இருந்தும் காட்சிகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைத் தன் அறிக்கையில் பதிவு செய்தார்.

அதனால் ஆர்டிஐ மனுவுக்கு முன்பே, முடிந்தால் சம்பவத்தன்றே, மாவட்டக் கண்காணிப்பாளருக்கு (மாநகரம் என்றால் ஆணையருக்கு) "இந்த நிலையம், இந்தத் தேதி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரையிலான காட்சியை அழிக்காமல் பாதுகாக்கவும்" என்று தனிக் கடிதம் அனுப்புங்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். அந்தத் தீர்ப்பின்படி அமையும் மாவட்ட மேற்பார்வைக் குழுவில் அவரும் உறுப்பினர். மின்னஞ்சல், தபால் இரண்டிலும் போகட்டும். பிறகு காட்சி அழிந்துவிட்டது என்று சொன்னால், கடிதம் கிடைத்த பிறகு அழிந்ததா, முன்பே அழிந்ததா என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

எந்தக் காகிதம் எங்கே

நிலையத்தில் தேடவேண்டியது பொது நாட்குறிப்பு, அதாவது ஜி.டி. யார் எத்தனை மணிக்கு வெளியே போனார், யாரைக் கூட்டிவந்தார் என்பதெல்லாம் அதில் நேரத்தோடு ஏற வேண்டும். யார் பாரா நின்றார் என்பதற்குப் பணிப் பங்கீட்டுப் பதிவு. கைதுக் குறிப்பாணையில் கைது நேரமும் சாட்சியின் கையெழுத்தும் இருக்கும். அந்த நேரத்தையும் ஜி.டி. நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இடைவெளி அங்கேதான் தெரியும். முதல் தகவல் அறிக்கைக்கு ஆர்டிஐ வேண்டாம். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுப்படி, பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்றவை காவல்துறை இணையதளத்தில் ஏற்றப்பட வேண்டும்.

அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல் இருக்கிறது. காயம் எப்படி ஏற்பட்டது என்று வந்தவர் சொன்னதைப் பணி மருத்துவர் அதில் எழுதியிருப்பார். கைதானவருக்குச் செய்த மருத்துவப் பரிசோதனையின் அறிக்கையை அவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தருவது பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 53-இன்படி மருத்துவரின் கடமை. இதையும் ஆர்டிஐ இல்லாமலே கேட்கலாம்.

பலரும் மறக்கும் இடம் சிறை. ரிமாண்டில் உள்ளே அனுப்பும்போது சிறை மருத்துவர் உடம்பில் இருக்கும் காயங்களைக் குறிக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டுமே கழிவறையில் வழுக்கி விழுந்து கை கால் முறிந்து மாவுக்கட்டோடு படத்துக்கு நிற்கும் விசித்திரம் நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கம். அதைத் தனித்தனி வழக்காகத் துரத்துவதைவிட, மத்திய சிறைக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் இப்படிக் கேளுங்கள்: "2023 முதல் 2025 வரை எலும்பு முறிவுடன் அனுமதிக்கப்பட்ட விசாரணைக் கைதிகளின் எண்ணிக்கை, மாதவாரியாக, அனுப்பிய காவல் நிலையத்தின் பெயருடன். கைதிகளின் பெயர் தேவையில்லை." ஒரே நிலையத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பட்டியலே பேசும்.

வருவாய்த்துறையையும் விடாதீர்கள். காவலர்களின் கடும் அத்துமீறல் புகார்களில் காவல் நிலையாணை 151-இன்படி கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ விசாரிப்பதுண்டு. 2023-இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்கு அழைத்துவரப்பட்டவர்களின் பற்களைக் காவல் அதிகாரி பிடுங்கியதாக எழுந்த புகாரில் முதலில் விசாரித்தவர் சேரன்மகாதேவி சார் ஆட்சியர்தான். இத்தகைய அறிக்கையின் நகல் ஆட்சியர் அலுவலகக் கோப்பில் இருக்கும், அதைக் காவல்துறையிடம் கேட்டு அலைவது வீண். காவல் மரணத்தில் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 196-இன்படி நடக்கும் நீதித்துறை நடுவர் விசாரணை நீதிமன்ற ஆவணம். அதற்கு ஆர்டிஐ போடாமல் வழக்கறிஞர் மூலம் நகல் மனு போடுவதே சுருக்கமான வழி.

தடியடி, துப்பாக்கிச் சூடு என்றால் பட்டியல் மாறும்: பந்தோபஸ்து உத்தரவு, கூட்டத்தைக் கலைக்கச் சொன்ன உத்தரவு, ஆயுதப்படையில் செலவான தோட்டா, கண்ணீர்ப்புகைக் குண்டுகளின் கணக்கு, காவல்துறையே எடுத்த வீடியோ.

மனு

அரைப் பக்கம் போதும். "பொதுத் தகவல் அலுவலர்" என்ற பதவிப் பெயருக்கு, மாவட்டக் காவல் அலுவலக முகவரிக்கு எழுதுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, அதைக் கேட்பதை ஆர்டிஐ சட்டப் பிரிவு 6(2) தடுக்கிறது. சொல்லாமல் இருப்பதே நல்லது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மேலே ஒட்டுங்கள். மத்திய அரசு அலுவலகங்களுக்கு வைக்கும் போஸ்டல் ஆர்டரை இங்கே தவிர்த்துவிடுங்கள், திருப்பி அனுப்ப அது ஒரு சாக்கு. சங்கத்தின் பெயரில் போடாதீர்கள். உரிமை குடிமகனுக்குத்தான், எனவே தனிநபர் கையெழுத்து வேண்டும்.

கோரிக்கைகள் இந்த அளவுக்குக் குறுகலாக இருக்கட்டும்:

1. ______ காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் 12-ஆம் தேதி காலை 6 மணி முதல் 13-ஆம் தேதி இரவு 10 மணி வரையிலான பதிவுகளின் சான்றிட்ட நகல்.
2. அதே நேரத்துக்கான பணிப் பங்கீட்டுப் பதிவின் நகல்.
3. அதே நேரத்துக்கான லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை கேமரா காட்சிகள், மின்னணு வடிவில். சேமிப்புக் கருவிக்கான செலவைச் செலுத்தச் சம்மதம்.
4. மேற்கண்ட ஆவணங்களை நேரில் பார்வையிட அனுமதி.

நான்காவது வரியைச் சும்மா சேர்க்கவில்லை. பார்வையிட முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை. பக்கங்களைக் குறித்துக்கொண்டு தேவையானதை மட்டும் பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி வாங்கலாம். இல்லையென்றால் முப்பதாவது நாளுக்குச் சற்று முன்பு நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். அந்தக் கடிதம் தேதியிட்டு அனுப்பப்பட்டதிலிருந்து நீங்கள் பணம் கட்டும் வரை நாள் கணக்கு நின்றுவிடும்.

பாதிக்கப்பட்டவரின் சொந்த மருத்துவ ஆவணங்களை அவர் பெயரிலேயே, அடையாளச் சான்றின் நகலோடு கேளுங்கள். பொதுவான பதிவேடுகளையும் எண்ணிக்கைகளையும் ஊருக்கு வெளியே இருக்கும் வேறொருவர் கேட்பது பாதுகாப்பு. வீட்டு முகவரி தர அச்சமிருந்தால் தபால் பெட்டி எண் கொடுக்கலாம். 2013-இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் இதை ஏற்றது.

ஆளைக் கூட்டிப்போய் இடம் தெரியவில்லை என்றால், "உயிர், சுதந்திரம் தொடர்பானது, 48 மணி நேரத்தில் பதில் தேவை" என்று தலைப்பிலேயே எழுதலாம். ஆனால் அந்த நிலையில் ஆர்டிஐ-யை நம்பி உட்காராதீர்கள், உடனே ஆட்கொணர்வு மனு போட வேண்டும்.

காவலர்கள் மீதான புகார்களின் கணக்கு

ஒரு காவலரின் பெயரைச் சொல்லி அவர் மீதான தண்டனை விவரம் கேட்டால், 2012-இல் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டி மறுப்பார்கள். பெயரில்லாமல் கேளுங்கள்: தாக்குதல் தொடர்பாக மாவட்டத்தில் வந்த மனுக்கள் எத்தனை, விசாரணை முடிந்தவை எத்தனை, காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகளில் 3(ஏ) (சிறு தண்டனைக்கானது), 3(பி) (பெருந்தண்டனைக்கானது) குற்றச்சாட்டு தரப்பட்டவை எத்தனை, என்ன வகைத் தண்டனை. மாநில மனித உரிமை ஆணையத்திடம், அது பரிந்துரைத்த இழப்பீடுகளில் எவை செலுத்தப்பட்டன என்று கேளுங்கள். அந்தப் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லியிருப்பதால், இந்தக் கேள்விக்குக் கனம் கூடியிருக்கிறது. 2013-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டப்படி மாவட்டக் காவல் புகார் ஆணையத்துக்குத் தலைவர் ஆட்சியர். எத்தனை முறை கூடியது, கூட்டக் குறிப்பு எங்கே என்று அவர் அலுவலகத்தில் கேளுங்கள். மாநில அளவில் உள்துறைச் செயலாளரே தலைவர். ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லியும் இந்த ஏற்பாடு.

மறுப்பும் பதிலும்

மறுப்பில் அதிகம் வருவது ஆர்டிஐ சட்டப் பிரிவு 8(1)(எச்), "விசாரணை நிலுவையில் உள்ளது." நிலுவை என்பது மட்டும் காரணமாகாது, தகவல் தந்தால் விசாரணைக்கு எப்படி இடையூறு என்று காட்ட வேண்டும் என்று பகத் சிங் வழக்கில் 2007-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அதை எழுதுங்கள்.

அடுத்தது 8(1)(ஜே), தனிநபர் தகவல். இணையத்தில் சுற்றும் பழைய மாதிரி மனுக்களை இங்கே நம்பாதீர்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின் அந்த உட்பிரிவிலிருந்த பொதுநல விதிவிலக்கு போய்விட்டது. மிச்சமிருப்பது பிரிவு 8(2): பாதிப்பைவிடப் பொதுநலன் மேலோங்கினால் தரலாம். காவல் வன்முறையில் பொதுநலன் என்ன என்பதை இரண்டு வரியில் எழுதி, பெயர்களை மறைத்தாவது தாருங்கள் என்று பிரிவு 10-ஐயும் சேருங்கள்.

உளவுப் பிரிவு என்று விலக்குக் கேட்டால் பிரிவு 24(4). மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு அந்த விலக்குக்குள் வராது; ஆனால் தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் தருவார்கள்.

முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், பதிலே வராவிட்டாலும் அதே கணக்கு. பதில் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரைத் தேதிதான் ஆதாரம். அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு, கட்டணமில்லை. இங்கே பலர் பிரிவு 18-இல் புகார் போட்டுவிடுகிறார்கள். அதில் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250, அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம் கிடைக்கலாம், ஆவணம் கிடைக்காது என்பது 2011 மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆவணம் வேண்டுமென்றால் பிரிவு 19(3)-இன்படி இரண்டாம் மேல்முறையீடுதான்.

விசாரணை வர மாதக்கணக்கில் ஆகும். வரும்போது "ஆவணம் இல்லை" என்று சொன்னால், அழிப்பு உத்தரவின் நகலையும் அழிப்புப் பதிவேட்டின் பக்கத்தையும் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், அதைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி ஆணையரிடம் அங்கேயே கோருங்கள்.