டெஸ்டிங் ஆய்வுக் கோப்புகளைப் பகிரும்போது சறுக்கும் இடங்கள்

மென்பொருள் டெஸ்டிங் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஏற்கப்பட்டதும் நிரல், பிழைகள், டெஸ்ட் கேஸ்கள் எல்லாவற்றையும் ஒரு ஜிப்பில் அடைத்து ஏற்றிவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து வேறொருவர் இறக்கி ஓட்டினால், நம்மிடம் பாஸ் ஆன டெஸ்ட்கள் அங்கே ஃபெயில். பெரும்பாலும் நிரலில் கோளாறு இருக்காது. அது ஓடிய சூழலைச் சொல்லாமல் விட்டதுதான் முதல் தவறு.

2014-இல் வெளிவந்த டிஃபெக்ட்ஸ்4ஜே தொகுப்பைப் பாருங்கள். 5 ஜாவா திட்டங்களிலிருந்து எடுத்த 357 நிஜப் பிழைகள். ஒவ்வொன்றுக்கும் பிழையுள்ள பதிப்பு, திருத்திய பதிப்பு, பிழையைக் காட்டிக்கொடுக்கும் டெஸ்ட். அதன் வழிமுறையில் ஒரு வரி வருகிறது: நேர மண்டலம் லாஸ் ஏஞ்சலிஸ் ஆக இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று ஜோடா டைம், தேதி நேரத்தைக் கையாளும் நூலகம். இந்திய நேரத்தில் இருக்கும் கணினியில் அப்படியே ஓட்டினால், புதிதாக ஒரு டெஸ்ட் விழுந்தாலும் அது பிழையா நேரக் குழப்பமா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். பிற்பாடு ஜாவா 8-க்கு மாறியபோது சில பிழைகள் தலைகாட்டவே இல்லை, பட்டியலிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். ஆக ஜாவா பதிப்பு, நேர மண்டலம், நூலகங்களின் பதிப்பு எண்கள் மூன்றையும் எழுதிவையுங்கள். டாக்கர் (நிரலையும் அது ஓடும் சூழலையும் ஒரே பொதியாகக் கட்டித் தரும் கருவி) கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். சரி, ஆனால் அதில் பதிப்பு எண்ணுக்குப் பதில் 'லேட்டஸ்ட்' என்று போட்டிருந்தால் அடுத்த வருடம் வேறு ஏதோ வந்து இறங்கும்.

அடுத்தது, சராசரியை மட்டும் கொடுப்பது. டெஸ்ட்களைத் தற்போக்காக உருவாக்கும் கருவி ஒவ்வொரு முறையும் வேறு டெஸ்ட்களைத் தரலாம். 30 முறை ஓட்டினீர்களா? முப்பதின் சீட் எண்ணும் (தற்போக்குத் தேர்வைத் தொடங்கிவைக்கும் எண்) ஓட்டப் பதிவும் வேண்டும். ஃபஸ்ஸிங் (உள்ளீட்டைத் தாறுமாறாக மாற்றி மாற்றிக் கொடுத்துச் சோதிப்பது) என்றால் தொடக்க உள்ளீட்டுக் கோப்புகளும் சேர்த்து. அவை மாறினாலே முடிவு மாறிவிடும்.

பல்கலைக்கழகத் தளத்தில் உள்ள உங்கள் சொந்தப் பக்கத்தில் போடுவது வேண்டாம், படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கு போய்விடும். நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டதையும் எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம். செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகம் நடத்தும் ஜெனோடோ காப்பகத்தில் ஏற்றினால் நிலையான டிஓஐ எண் (கோப்பை எப்போதும் அடையாளம் காட்டும் எண்) இலவசமாகக் கிடைக்கும். அப்புறம் உரிமக் கோப்பு. அது இல்லையென்றால் மற்றவர்கள் பார்க்கலாமே தவிர, மாற்றி வெளியிட முடியாது. மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு என்றால் கிட் வரலாற்றில் (நிரலை யார், எப்போது மாற்றினார்கள் என்ற பதிவில்) அவர்கள் மின்னஞ்சல் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏற்றும் முன் பக்கத்து மேசைக்காரரின் லேப்டாப்பில் ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்கக் கூடாது. அவர் "இந்த ஃபோல்டர் எங்கே?" என்று கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ரீட்மீ எனும் விளக்கக் கோப்பில் விடுபட்ட ஒரு வரி.