மீனில் ஒட்டியிருப்பது எந்த வகை? கால்களை எண்ணத் தொடங்குங்கள்

மீனின் செவுளிலோ ஆமையின் ஓட்டிலோ ஒரு குட்டி ஓட்டுடலியை (நண்டு, இறாலின் உறவான உயிரியை) பார்த்ததும் அதன் பெயரைத் தேடத்தான் கை பரபரக்கும். பெயர் அப்புறம். முதலில் அது ஐசோபாட், ஆம்பிபாட், கோப்பிபாட், கொட்டலசு (பார்னக்கிள்) போன்ற ஓட்டுடலிக் குழுக்களில் எந்தப் பெருங்குழு என்று தெரிந்துகொண்டால் போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மெல்லிய இடுக்கி, 70% எத்தனால், ஒரு பென்சில் ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

படி 1: எடுப்பதற்கு முன் எழுதுங்கள்

எந்த விலங்கு, உடலில் எந்த இடம், எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். நான் குப்பிக்கு வெளியே ஒட்டிய முதல் சீட்டு எப்போது உதிர்ந்தது என்றே தெரியாது. அந்த மாதிரி இன்றுவரை அநாதைதான்.

படி 2: பிடுங்காதீர்கள்

பென்னெல்லா என்னும் கோப்பிபாட் போன்றவை தலையைச் சதைக்குள் புதைத்து வைத்திருக்கும். இழுத்தால் அடையாளம் காண உதவும் அந்தத் தலை உள்ளேயே நின்றுவிடும். இறந்த மீன் என்றால் சுற்றியுள்ள சதையோடு வெட்டி எடுங்கள். உயிருள்ள ஆமை, திமிங்கிலம் என்றால் படம் மட்டும் போதும். தொடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம்.

படி 3: கால்களை எண்ணுங்கள்

மேலிருந்து அழுத்தியதுபோல் தட்டையான உடல், ஏழு சோடிக் கால்கள், எல்லாவற்றிலும் கொக்கி: அது பெரும்பாலும் ஐசோபாட். மீனின் நாக்கைப் பிடித்துக்கொள்ளும் சைமோதோவா இந்தக் கூட்டம். பக்கவாட்டில் ஒடுங்கியிருந்தால் ஆம்பிபாட் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் ஆம்பிபாட்களிலேயே ஒன்றான திமிங்கிலப் பேன் தட்டையாகத்தான் இருக்கும்! உடலின் நடுவே இரண்டு கண்டங்களில் கால்கள் இல்லாமல் செவுள்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான். அது வாழ்வது திமிங்கிலங்கள், டால்பின்கள் மேல் மட்டுமே. நீந்தும் பருவமே அதற்குக் கிடையாது. படி 1-இல் எழுதிய சீட்டு இங்கே கைகொடுக்கும்.

படி 4: முட்டை எங்கே?

பின்புறம் இரண்டு முட்டைச் சரங்களோ பைகளோ தொங்கினால் கோப்பிபாட் பெண். ஐசோபாட், ஆம்பிபாட் பெண்கள் வயிற்றடிப் பையில் சுமக்கும். கேடயம் போன்ற முன்னுடல் கொண்ட கோப்பிபாட் என்றால் நெற்றி ஓரத்தைப் பாருங்கள்: பிறை போன்ற இரண்டு உறிஞ்சிகள் இருந்தால் கேலிகஸ், இல்லையென்றால் சால்மன் பேனின் பேரினமான லெப்பியோஃப்தீரஸாக இருக்கலாம். அடிப்புறத்தில் இரண்டு பெரிய வட்ட உறிஞ்சிகளும் மேலே இரண்டு கூட்டுக் கண்களும் தெரிந்தால் அது கோப்பிபாட் அல்ல, ஆர்குலஸ் என்னும் மீன் பேன். அது முட்டையைச் சுமக்காது. கல்லில் இட்டுவிட்டுப் போய்விடும்.

படி 5: காலே தெரியவில்லையா?

ஓடு இருந்தால் கொட்டலசு. கூன்முதுகுத் திமிங்கிலத்தில் கொரோனுலா, ஆமையில் கெலோனிபியா. கொரோனுலாவின் மேலேயே கான்கோடெர்மா என்னும் இன்னொரு கொட்டலசு ஏறி உட்கார்ந்திருப்பதும் உண்டு. அப்போது சீட்டில் இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

நண்டின் வயிற்றுமடலுக்கடியில் வழவழப்பான ஒற்றைப் பை இருந்தால் சாக்குலினா என்னும் ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள். நண்டின் சொந்த முட்டைக் கொத்து மணிமணியாக இருக்கும். வளர்ந்த சாக்குலினாவில் ஓட்டுடலி என்று சொல்ல ஓர் அடையாளமும் கிடையாது. நண்டின் உடலுக்குள் வேர்போலப் பரவியிருக்கும். நெற்றியில் இரு கொம்புகள் கொண்ட அதன் இளவுயிரிதான் அது கொட்டலசுகளின் உறவு என்று காட்டிக்கொடுக்கிறது. சாதாரணக் கொட்டலசும் இப்படித்தான் மாட்டியது: நத்தை, சிப்பிகளோடு சேர்த்து வைத்திருந்த அதை ஓட்டுடலி என்று 1830-இல் இயற்கையியலாளர் ஜான் வான் தாம்சன் காட்டியதும் இளவுயிரியை வைத்துத்தான்.

படி 6: தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள்

‘சைமோதோயிடே குடும்பம், இனம் தெரியவில்லை’ என்பது நல்ல பதிவு. ஒரே மீனில் பெரிது ஒன்றும் சிறிது ஒன்றும் கிடைத்தால் இரண்டு இனம் என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள். இந்தக் குடும்பத்தில் எல்லாம் முதலில் ஆண், பிறகே பெண். அந்தச் சிறியது பெரும்பாலும் பெரியதன் துணை. இரண்டையும் ஒரே குப்பியில் போடுங்கள்.