எழுத்துருவின் மேல் பழி போடுவதற்கு முன்: இணையச் செயலிகளில் கோளாறு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடிக்கணினியில் ஒழுங்காகத் தெரியும் பக்கம் கைபேசியில் சிதைந்து தெரிகிறது என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கும் முதல் பதில் ‘கேஷை (உலாவி முன்பே இறக்கிச் சேமித்து வைத்த கோப்புகளை) அழித்துப் பாருங்கள்’ என்பதுதான். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த யோசனையையே தவிர்க்க வேண்டிய முதல் தவறாக நான் கருதுகிறேன். அழித்தபின் கோளாறு மறைந்துவிட்டால், அது எதனால் வந்தது என்பதை அறிவதற்கு இருந்த ஒரே தடயமும் அதோடு போய்விடுகிறது. அதே பழைய கோப்பை இன்னும் வைத்திருக்கும் மற்ற பயனர்களுக்கோ கோளாறு அப்படியே தொடர்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. இணைப்பு இல்லாத நேரத்திலும் இயங்கும் செயலிகள், இன்னும் சர்வருக்கு அனுப்பாத பதிவுகளை உலாவியின் சேமிப்பிலேயே வைத்திருக்கும். கேஷோடு சேர்த்துத் தளத்தின் தரவு முழுவதையும் அழிப்பவர் அந்தப் பதிவுகளையும் அழித்துவிடுகிறார்.

எதையும் அழிக்காமல் முதலில் உலாவியின் தனிப்பட்ட (இன்காக்னிட்டோ) சாளரத்தில் அதே பக்கத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. அங்கே சேமிப்பு காலியாக இருக்கும். உலாவியில் நாம் சேர்த்த கூடுதல் நிரல்களான நீட்சிகளும் நாம் தனியே அனுமதி கொடுத்திருந்தாலொழிய இயங்கா. அங்கே பக்கம் சரியாக வந்தால், குற்றவாளி ஒன்று பழைய சேமிப்பு, இல்லையென்றால் ஏதோ ஒரு நீட்சி. வழக்கமான சாளரத்துக்குத் திரும்பி நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். ‘ஒவ்வொன்றாக’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். நீட்சியை நிறுத்தி, உலாவியைப் புதுப்பித்து, கைபேசியையும் மறுதொடக்கம் செய்தபின் எல்லாம் சரியானால், மூன்றில் எது மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது.

பழைய சேமிப்புதான் காரணம் என்று தெரிந்தபின், சர்வீஸ் வொர்க்கர் எனப்படும் இடைநிலை நிரலை மறக்கக் கூடாது. பக்கத்துக்கும் வலையமைப்புக்கும் நடுவில் அமர்ந்து கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் இந்த நிரலின் புதிய பதிப்பு இறங்கினாலும், பழைய பதிப்பின் கட்டுப்பாட்டில் உள்ள தாவல்கள் அனைத்தும் மூடப்படும் வரை அது இயல்பாகக் காத்திருக்கும். பக்கத்தைப் புதுப்பிக்கும் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அந்தக் காத்திருப்பு முடியாது. கைபேசியில் ஒரு தாவலை வாரக்கணக்கில் திறந்தே வைத்திருப்பவர்கள் பழைய பதிப்பையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சிதைவின் வடிவத்தைப் படிக்காமல் விடுவது

தமிழ்ப் பக்கங்களில் எழுத்து எப்படிச் சிதைந்தாலும் ‘ஃபாண்ட் பிரச்சினை’ என்று ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறோம். சிதைவு ஒவ்வொரு வடிவத்திலும் ஒவ்வொரு செய்தியைச் சொல்கிறது. எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள் வரிசையாகத் தெரிந்தால், உரை பத்திரமாக இருக்கிறது, அதைக் காட்டுவதற்குத் தமிழ் உருக்கள் கொண்ட எழுத்துருதான் அந்தக் கருவியில் இல்லை என்று பொருள். தலையில் கோடிட்ட ஆங்கிலச் சிறிய ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்து கொண்ட வணிகக் குறியும் திரும்பத் திரும்ப வந்தால், அது எழுத்துருவே சம்பந்தப்படாத கோளாறு. உரையை பைட்டுகளாக எழுதி வைக்கும் முறைக்குக் குறிமுறை என்று பெயர். இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. அவற்றில் முதல் பைட்டு எல்லாத் தமிழ்க் குறியீடுகளுக்கும் ஒன்றே. அந்த பைட்டுகளை விண்டோஸ்-1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறிமுறை என்று தவறாக எண்ணிப் படிக்கும் நிரல், அந்த முதல் பைட்டைத்தான் கோடிட்ட ஏ எழுத்தாகக் காட்டுகிறது. பக்கத்தின் தலைப்பகுதியிலோ சர்வரின் பதிலிலோ குறிமுறையைச் சரியாக அறிவித்தால் இது தீர்ந்துவிடும், உரைக்கு எந்தச் சேதமும் இல்லை. தமிழுக்குப் பதிலாக வெறும் வினாக்குறிகள் வரிசையாக நின்றால் கவலைப்பட வேண்டும். உரை எங்கோ ஓரிடத்தில் தமிழை ஏற்காத குறிமுறைக்கு மாற்றப்பட்டு, ஒவ்வொரு எழுத்தும் உண்மையாகவே வினாக்குறியாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதையே இது பெரும்பாலும் காட்டுகிறது. எந்த எழுத்துருவை நிறுவினாலும் அது திரும்பி வராது. மூலப்படியிலிருந்துதான் மீட்க வேண்டும்.

இன்னொரு வடிவம், பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்து தெரியும் பழைய பக்கங்கள். இவை எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு தரும் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய, பாமினி போன்ற எழுத்துருக்களுக்காகத் தட்டச்சிடப்பட்டவை. அங்கே கணினி அறிந்த உரை ஆங்கிலமே. எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டியது. அந்த எழுத்துருவை ஒவ்வொரு கருவியிலும் நிறுவச் சொல்வது இன்று பயன் தராத யோசனை. 2018இல் வந்த சஃபாரி 12 முதல், பயனர் தாமாக நிறுவிய எழுத்துருக்களை அந்த உலாவி வலைப்பக்கங்களுக்குக் கொடுப்பதே இல்லை. உரையை ஒருங்குறிக்கு மாற்றுவது ஒன்றே வழி.

கடைசியாக, புள்ளிகளால் ஆன சிறு வட்டத்தின் மேல் தனியே தொங்கும் கொம்போ, சுழியோ, புள்ளியோ தெரிந்தால், துணைக்குறி தன் மெய்யெழுத்தைப் பிரிந்து நிற்கிறது என்று பொருள். இதைச் செய்வது பெரும்பாலும் நிரலாளரின் கைதான். ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஒருங்குறிக்கு ஐந்து குறியீடு. யூடிஎஃப்-8இல் 15 பைட்டு. நீளத்தைக் குறியீட்டுக் கணக்கில் அளந்து தலைப்பை வெட்டும் நிரல் புள்ளியையோ கொம்பையோ துண்டித்துவிடுகிறது. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும் அசைவூட்டத்துக்காகச் சொல்லைக் குறியீடு குறியீடாகப் பிரிப்பதும் இதே விளைவைத் தரும். உலாவிகளிலேயே எழுத்தைச் சரியாகப் பிரிக்கும் வசதியான இன்டில் செக்மென்டர் 2020இல் குரோமுக்கும், 2021இல் சஃபாரிக்கும், 2024இல் ஃபயர்பாக்ஸுக்கும் வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தாமல் கையால் வெட்டுவதற்கு இனிக் காரணம் இல்லை.

கேட்ட எழுத்துருவும் வந்த எழுத்துருவும்

பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் பாணிக் கோப்பில் (சிஎஸ்எஸ்) ஓர் எழுத்துருவின் பெயரை எழுதிவிட்டதாலேயே உலாவி அதைத்தான் பயன்படுத்துகிறது என்று நம்புவது மிகப் பரவலான தவறு. உலாவி எழுத்துருவை வரிக்கு ஒன்றாகத் தேர்வதில்லை. கேட்ட எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லையென்றால் அந்த எழுத்துக்கு மட்டும் வேறொன்றைத் தேடிக்கொள்ளும். ஆகவே ஒரே வரியில் எண்கள் ஓர் எழுத்துருவிலும் தமிழ் இன்னொன்றிலும் வந்து, நமக்குத் தெரியாமலே போகலாம். விண்டோஸ் 2000உடன் வந்த லதாவை நம்பி எழுதப்பட்ட பாணிக் கோப்புகள் இன்னும் ஏராளம். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் விருப்பத் தொகுப்புக்கு மாற்றப்பட்டுவிட்டதால், எல்லாக் கணினிகளிலும் அவை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. விண்டோஸில் பொதுவாக நிர்மலா யூஐயும், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோவும், மேக்கில் தமிழ் சங்கம் எம்என்னும் தோன்றும். மூன்றின் உயரமும் அகலமும் வேறு வேறு. ஒரு கருவியில் அளந்து வைத்த பொத்தானுக்குள் மற்றொன்றில் சொல் அடங்காமல் போவதும், வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு ஏற்ப இறுக்கி வைத்த இடங்களில் இகர ஈகார விசிறியின் தலையும் ஊகாரத்தின் வாலும் வெட்டுப்படுவதும் இதனால்தான்.

உண்மையில் வந்த எழுத்துரு எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. குரோமின் டெவலப்பர் டூல்ஸில் கணக்கிடப்பட்ட பாணிகள் பகுதியின் அடியிலும், ஃபயர்பாக்ஸில் எழுத்துருக்களுக்கான தனிப் பலகத்திலும், தேர்ந்த உறுப்புக்கு எந்த எழுத்துரு பயன்பட்டது என்பது எழுதப்பட்டிருக்கும். ‘என் கணினியில் நன்றாகத்தானே தெரிகிறது’ என்ற வாதம் பல முறை இங்கேயே முடிந்துவிடும். வடிவமைத்தவரின் கணினியில் அந்த எழுத்துரு ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும்; சர்வரிலிருந்து அது இறங்கவே இல்லை என்பது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியாது. நானும் ஒரு முறை இதில் அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

இறங்காததற்குக் காரணம் பெரும்பாலும் அனுமதி. வேறொரு களப்பெயரிலிருந்து படத்தைக் காட்ட உலாவி தடை சொல்வதில்லை; எழுத்துருவுக்கோ அந்தச் சர்வர் வெளிப்படையாக அனுமதித் தலைப்பு அனுப்ப வேண்டும். படங்கள் வருகின்றன, எழுத்துரு மட்டும் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது டெவலப்பர் டூல்ஸில் பிழைச் செய்திகள் வரும் கன்சோலில் உள்ள சிவப்பு வரியை. எழுத்துரு இறங்கியும் ‘கு’, ‘மூ’, ‘டி’ போன்ற உயிர்மெய்கள் ஒட்டாமல் துண்டாகத் தெரிந்தால், கோப்பின் அளவைக் குறைக்கும் ஆர்வத்தில் உரு மாற்ற விதிகளின் அட்டவணையும் சேர்த்து நீக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். லத்தீன் எழுத்துக்குத் தீங்கு செய்யாத இந்த நீக்கம் தமிழைக் குலைத்துவிடும். தடித்த எழுத்துக்குத் தனிக் கோப்பு தராமல் விடுவதும் தவறே. உலாவி தானாகத் தடித்துக் காட்டும்போது தமிழின் சுழிகள் அடைபட்டுப் போகின்றன.

உலாவியின் பெயரை நம்புவது

குரோம், எட்ஜ், ஓப்பரா, பிரேவ் ஆகிய நான்கிலும் சோதித்தாயிற்று என்று நிறைவடைவது, ஒரே தராசில் நான்கு முறை நிறுப்பதற்குச் சமம். பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் உள்நிரலே எஞ்சின்; நான்கும் 2013இல் சஃபாரியின் வெப்கிட்டிலிருந்து பிரிந்த பிளிங்க் எஞ்சினில் இயங்குபவை. எட்ஜ் 2020 ஜனவரியில் அந்த வரிசையில் சேர்ந்தது. சோதனை என்றால் பிளிங்க், வெப்கிட், ஃபயர்பாக்ஸின் கெக்கோ என்ற மூன்றிலும் நடக்க வேண்டும். ஐபோனில் உள்ள குரோமும் ஃபயர்பாக்ஸும் பெயரளவில் வேறானாலும், ஆப்பிளின் கட்டுப்பாட்டால் உள்ளே வெப்கிட்தான். 2024இல் ஐஓஎஸ் 17.4 ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. எனவே ‘குரோமில் வரவில்லை’ என்ற புகாரில், எந்தக் கருவியின் குரோம் என்று கேட்காமல் தேடத் தொடங்குவது வீண் வேலை. உலாவி தன்னைப் பற்றிச் சொல்லும் அடையாள வரியை வைத்து நிரல் எழுதுவதும் இதே ரகம். 2019இல் ஐபேட்ஓஎஸ் 13 தன்னை மேக் என்று அறிமுகம் செய்துகொள்ளத் தொடங்கியதும், அந்த வரியை நம்பியிருந்த தளங்கள் ஐபேடைத் தொடுதிரை இல்லாத கணினியாக நடத்தின. ஒரு வசதி இருக்கிறதா என்று நேரடியாகச் சோதிப்பதே நம்பத்தக்கது.

மேசைக்கணினி உலாவியின் கைபேசிப் பாவனையும் ஓரளவுக்கே உதவும். அது திரை அகலத்தைப் பாவிக்கிறது, எஞ்சினையும் கருவியின் எழுத்துருக்களையும் பாவிப்பதில்லை. முகவரிப்பட்டை மறைந்தும் தோன்றியும் திரை உயரத்தை மாற்றுவது மெய்யான கைபேசியில்தான் தெரியும். முழு உயரம் என்று எழுதிய பகுதியின் அடியில் உள்ள ‘அனுப்பு’ பொத்தான் பட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வது இப்படித்தான். மாறும் உயரத்தைப் பின்தொடரும் அலகுகள் 2022 இறுதிக்குள் மூன்று எஞ்சின்களுக்கும் வந்துவிட்டன. உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால், அதைத் தொட்டவுடன் ஐபோன் சஃபாரி பக்கத்தைப் பெரிதாக்கிவிடும் என்பதும் கருவியைக் கையில் எடுத்தால்தான் தெரியவரும்.

எழுத்தோடு தொடர்பில்லாத சில காரணங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய கருவிகளில் பக்கமே திறக்காவிட்டால் கருவியின் தேதியையும், தளம் உண்மையானதே என்று உறுதிசெய்ய அது நம்பும் சான்றிதழ்களையும் பாருங்கள். 2021 செப்டம்பர் 30 அன்று பரவலாகப் பயன்பட்ட ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பல கருவிகள் நல்ல தளங்களையும் மறுத்தன. சஃபாரியில் பயனர் ஏழு நாள் ஒரு தளத்தைத் தொடாமல் உலாவினால், அத்தளத்தின் நிரல்கள் எழுதி வைத்த சேமிப்பை உலாவியே நீக்கிவிடும். ‘என் வரைவு காணாமல் போய்விட்டது’ என்பவர் பொய் சொல்லவில்லை.

படத்தை மட்டும் அனுப்பச் சொல்வது

கோளாறைத் தெரிவிப்பவரிடம் திரையின் படத்தை (ஸ்கிரீன்ஷாட்) மட்டும் கேட்டு வாங்குவது போதாது. கருவி, இயங்குதளத்தின் பதிப்பு, உலாவியின் பதிப்பு, எந்தச் செயலிக்குள்ளிருந்து இணைப்பைத் திறந்தார் என்பவற்றோடு, சிதைந்த உரையைப் படமாக அல்லாமல் உரையாகவே நகலெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். படத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரு சொற்கள் உள்ளே வேறாக இருக்கக்கூடும். ‘தொகுப்பு’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் ஆகிய இரண்டாகவும் எழுதலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை கோப்புப் பெயர்களை இரண்டாம் வகையில் பிரித்தே வைத்ததால், அங்கிருந்து ஏற்றிய கோப்பை லினக்ஸ் சர்வரில் சாதாரணமாகத் தட்டச்சிட்ட பெயரால் தேடினால் கிடைக்காது. ஒருங்குறியின் இயல்பாக்கம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

ஆனால் ‘கௌரவம்’ என்ற சொல்லில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகர எழுத்தும் இட்டு ‘கெளரவம்’ என்று தட்டச்சிட்டால், எந்த இயல்பாக்கமும் அதைத் திருத்தாது. கணினிக்கு அது வேறு சொல். தேடல் பெட்டி ஒரு கருவியில் இயங்குகிறது, இன்னொன்றில் இயங்கவில்லை என்று வந்த புகாருக்கு உலாவியையும் எழுத்துருவையும் நாள் முழுக்கத் துருவுவதற்கு முன், இரு கருவிகளிலும் தட்டச்சிட்ட சொல்லை நகலெடுத்து வாங்கி, குறியீடு குறியீடாக ஒப்பிட்டுப் பாருங்கள்.