"முடிச்சிருப்பேன்"ன்னு சொல்லத் தெரிஞ்சா பிரெஞ்சு ஃப்யூத்யூர் ஆன்தேரியர் பாதி வந்தாச்சு

பிரெஞ்சு படிக்கறவங்க பாஸே கொம்போஸே ("சாப்பிட்டேன்", "போனேன்" மாதிரி சாதாரண இறந்தகாலம்) வரைக்கும் ஜாலியா வந்துட்டு ஃப்யூத்யூர் ஆன்தேரியர் (எதிர்காலத்துல ஒரு நேரத்துக்குள்ள ஒரு வேலை முடிஞ்சிருக்கும்னு சொல்ற டென்ஸ்) வந்ததும் அப்படியே நின்னுடறாங்க, நானும் அங்கதான் ரொம்ப நாள் நின்னேன். காரணம் என்னன்னா நாம எல்லாரும் இதை இங்கிலீஷ் வழியா படிக்கறோம், இங்கிலீஷ்ல இந்த டென்ஸை அன்றாடப் பேச்சுல நாம அவ்வளவா பயன்படுத்தறதில்ல, அதனால ஏதோ பரீட்சைக்கு மட்டும் வர்ற சமாச்சாரம் மாதிரி தோணுது. ஆனா தமிழ்ல யோசிச்சுப் பாருங்க. "நாளைக்கு இந்நேரம் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன்." "நீ வர்றதுக்குள்ள சமைச்சிருப்பேன்." இதை நாம தினமும் சொல்றோம், அதேதான் இது.

கட்டமைப்பும் அதே மாதிரிதான். தமிழ்ல "முடிச்சு"ன்னு ஒரு வினையெச்சம், அதோட "இருப்பேன்"னு எதிர்காலத்துல ஒரு துணைவினை. பிரெஞ்சுல பார்தீஸிப் பாஸேன்னு (வேலை முடிஞ்சதைக் காட்டற வினை வடிவம்) ஒண்ணு, அதுக்குத் துணையா எதிர்காலத்துல அவ்வார் ("வச்சிருக்கறது"ங்கற வினை) இல்லன்னா எத்ர் ("இருக்கறது"ங்கற வினை). வரிசை மட்டும் தலைகீழ், நமக்குத் துணைவினை பின்னாடி வரும், அவங்களுக்கு முன்னாடி. ஜொரே ஃபினி, முடிச்சிருப்பேன். ஜ ஸெரே பார்த்தி, கிளம்பியிருப்பேன்.

முதல்ல துணைவினை ரெண்டையும் வாய்விட்டு சொல்லிப் பழகுங்க, இது வராம மேல போகாதீங்க. அவ்வாருக்கு: ஜொரே, த்யூ ஒரா, இல் ஒரா, நூஸொரோன், வூஸொரே, இல்ஸொரோன். எத்ருக்கு: ஜ ஸெரே, த்யூ ஸெரா, இல் ஸெரா, நூ ஸெரோன், வூ ஸெரே, இல் ஸெரோன். "ஓன்"னு நான் எழுதியிருக்கறதை மூக்கால சொல்லணும், கடைசி ன் நாக்குல படவே கூடாது.

அடுத்து பார்தீஸிப் பாஸே. பாஸே கொம்போஸே படிச்சவங்களுக்கு இது புதுசு இல்ல, அதே வடிவம்தான். பார்லே, ஃபினி, வாந்த்யூ மாதிரி ஒழுங்கா வர்றது ஒரு பக்கம், ஃபே, ப்ரி, மி, வ்யூ, ல்யூ, தி, எக்ரி, ஊவேர் மாதிரி மனப்பாடம் பண்ண வேண்டியது இன்னொரு பக்கம்.

எந்த வினைக்கு எத்ர்ங்கறதும் பாஸே கொம்போஸேல படிச்ச அதே விதிதான். போறது, வர்றது, கிளம்பறது, வந்து சேர்றது, உள்ள நுழையறது, வெளிய போறது, ஏறறது, இறங்கறது, விழறது, தங்கறது, பிறக்கறது, இறக்கறது, இதெல்லாம் எத்ர். தனக்குத் தானே செஞ்சுக்கற வினைகளும் எத்ர்தான், ஜ ம ஸெரே லெவேன்னா எழுந்திருச்சிருப்பேன். மத்ததுல பெரும்பாலும் அவ்வார். ஒரு விஷயம் கவனிங்க, வெளிய போனா ஜ ஸெரே ஸோர்த்தி, ஆனா குப்பைத் தொட்டியை வெளிய எடுத்து வச்சா ஜொரே ஸோர்த்தி லா பூபெல். எதையாவது "ஐ" போட்டு சொல்ற மாதிரி ஒரு பொருள் வந்துட்டா அவ்வாருக்கு மாறிடும், இறங்கறதுக்கும் இறக்கறதுக்கும் தமிழ்ல இருக்கற வித்தியாசத்தை நினைச்சுக்கிட்டா போதும்.

எத்ர் வந்தா எழுத்துல பால், எண் பாக்கணும். அவள் கிளம்பியிருப்பாள்னா எல் ஸெரா பார்த்தி, கடைசியில ஒரு ஈ எழுத்து சேரும், பல பெண்கள்னா ஈ-யும் எஸ்ஸும் சேரும், இந்த வினையில காதுக்கு எதுவும் தெரியாது. அவ்வார்ல பொதுவா மாறாது, ஆனா செயப்படுபொருள் முன்னாடியே வந்துட்டா மாறும். லே லெத்ர் க ஜொரே எக்ரீத், "நான் எழுதியிருக்கப் போற கடிதங்கள்", இங்க எக்ரி எக்ரீத் ஆகி காதுக்கே கேக்கும்.

இல்லைன்னு சொல்லணும்னா ந-வும் பா-வும் துணைவினையை மட்டும் சுத்தி நிக்கும். நூ நொரோன் பா ஃபினி அவான் லேன்தி, திங்கக்கிழமைக்கு முன்னாடி முடிச்சிருக்க மாட்டோம். ஏற்கனவேங்கறதுக்கு தேஜா, அதுவும் நடுவுலதான் போகும்: இல் ஸெரா தேஜா பார்த்தி.

சரி, எங்க பயன்படுத்தறதுன்னு பாப்போம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

முதல் இடம், ஒரு கெடு. துமேன் அ ஸெத்தர்-ஸி, ஜ ஸெரே அரிவே அ பரீ, நாளைக்கு இந்நேரம் பாரிஸ் வந்து சேர்ந்திருப்பேன். இது நமக்குத் தானா வரும், தப்பே நடக்காது.

ரெண்டாவது இடத்துலதான் கிட்டத்தட்ட எல்லாரும் தப்பு பண்றோம். "சாப்பிட்டதும் கிளம்பலாம்"ங்கறோம் பாருங்க, சாப்பிடறது இன்னும் நடக்கவே இல்ல, ஆனா தமிழ்ல "சாப்பிட்ட"ன்னு இறந்தகால வடிவம் போடறோம், இங்கிலீஷ்லயும் இந்த இடத்துல எதிர்காலம் போட மாட்டாங்க, ரெண்டு பாஷையும் சேர்ந்து நம்மளை பாஸே கொம்போஸே பக்கம் தள்ளிடும். பிரெஞ்சுக்காரங்க ரொம்ப கறார், ரெண்டு வேலையும் இனிமேதான் நடக்கப் போகுதுன்னா ரெண்டும் எதிர்காலத்துலதான் இருக்கணும், அதுல முதல்ல முடியறது ஃப்யூத்யூர் ஆன்தேரியர், அடுத்தது ஃப்யூத்யூர் ஸாம்ப்ள், அதாவது துணைவினை இல்லாத சாதாரண எதிர்காலம். தே க த்யூ ஒரா மாஞ்ஜே, ஓன் பார்த்திரா. கான் ஜொரே ஃபினி, ஜ தப்பெல்ரே, முடிச்சதும் உனக்கு போன் பண்றேன். கான், லோர்ஸ்க (ரெண்டும் "போது"), தே க, ஓஸித்தோ க (ரெண்டும் "உடனே"), யூன் ஃபுவா க ("ஒரு தடவை முடிஞ்சதும்"), அப்ரே க ("அப்புறம்"), இந்த வார்த்தைகளைப் பாத்தாலே உஷாராயிடுங்க.

ஆனா கான் வந்தாலே கண்ணை மூடிக்கிட்டு இதைப் போட்டுடவும் கூடாது. நான் வச்சிருக்கற சோதனை இது: தமிழ்ல "போது" வருதா, "அப்புறம்" வருதா? சாப்பிடும்போது டிவி பாப்பேன்னா ரெண்டும் ஒரே நேரம், கான் ஜ மாஞ்ஜ்ரே, ஜ ரகார்த்ரே லா தெலே. சாப்பிட்ட அப்புறம் பாப்பேன்னா கான் ஜொரே மாஞ்ஜே. இந்த ஒரு சோதனை போதும், நான் இதை வச்சுதான் தப்பில்லாம எழுத ஆரம்பிச்சேன்.

இன்னொண்ணு, "ஆல்"ங்கற அர்த்தத்துல வர்ற ஸி-க்குப் பின்னாடி எதிர்காலம் வரவே வராது. நீ முடிச்சிருந்தா கிளம்பலாம்னா ஸி த்யூ அ ஃபினி, ஓனிவா. அங்க ஒரா போட்டா எந்த டீச்சரும் சிவப்பு மையை எடுத்துடுவாங்க.

மூணாவது இடம் ஊகம், இங்கதான் தமிழும் பிரெஞ்சும் அப்படியே ஒட்டிக்கும். நண்பன் இன்னும் வரல, "ட்ரெயினை விட்டிருப்பான்"ங்கறோம். நடந்து முடிஞ்ச விஷயம், ஆனா உறுதியா தெரியாது, அதனால எதிர்கால வடிவம் போடறோம். பிரெஞ்சுலயும் இல் ஒரா ரத்தே ஸோன் த்ரேன். எந்த விளக்கமும் இல்லாம ஒரு தமிழருக்கு இது புரியும்! பேச்சுல மட்டும் இதுக்குப் பதிலா இல் அ த்யூ ரத்தே ஸோன் த்ரேன்னு சொல்றதுதான் அதிகம், அதனால படிக்கும்போதும் கேக்கும்போதும் புரிஞ்சுக்கங்க, பேசும்போது எது வாய்ல வருதோ அதைச் சொல்லுங்க.

நாலாவதா, பத்திரிகைக்காரங்களுக்குப் பிடிச்ச ஒண்ணு. நடந்து முடிஞ்சதைத் திரும்பிப் பாத்து கணக்குப் போடற மாதிரி எழுதறது. நோத்ர்-தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15 எரிஞ்சுது, 2024 டிசம்பர்லதான் திரும்பத் திறந்தாங்க. இதை இப்படி எழுதலாம்: இல் ஒரா ஃபல்யூ ப்ல்யூ த ஸேங்க் ஆன் பூர் ரூவ்ரீர் நோத்ர்-தாம், திரும்பத் திறக்க 5 வருஷத்துக்கு மேல தேவைப்பட்டிருக்கு. தமிழ்ல இங்க "தேவைப்பட்டிருக்கும்"னு போட்டா ஊகமாயிடும், அதனால நேரா மொழிபெயர்க்காம "கடைசியில இவ்வளவு ஆச்சு"ங்கற தொனியை மட்டும் பிடிச்சுக்கங்க. இல் ஒரா ஃபல்யூன்னு ஒரு செய்தி ஆரம்பிச்சா யாரும் எதிர்காலத்தைப் பத்திப் பேசலன்னு புரிஞ்சுக்கங்க.

இனி ஒரு முக்கியமான எச்சரிக்கை. இவ்வளவு நேரம் நமக்கு உதவின தமிழ் ஒரு இடத்துல காலை வாரிவிடும். "நீ சொல்லியிருந்தா முடிச்சிருப்பேன்"னு சொல்றோமே, அங்கயும் அதே "முடிச்சிருப்பேன்"தான், ஆனா நான் முடிக்கவே இல்ல. இது பிரெஞ்சுல வேற டென்ஸ், கோன்தீஸியொனெல் பாஸே, நடந்திருக்கலாம் ஆனா நடக்கலன்னு சொல்றது: ஸி த்யூ ம லவே தி, ஜொரே ஃபினி. இந்த ஜொரே-க்குக் கடைசியில எழுத்துல ஒரு எஸ் இருக்கு, முதல்ல சொன்ன ஜொரே-ல இல்ல, நிறைய பேர் ரெண்டையும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கறாங்க, அதனால காதை நம்பி எழுதினா மாட்டிப்பீங்க. வழி என்னன்னா, "நான்"ங்கறதை எடுத்துட்டு "அவன்" போட்டுப் பாருங்க. இல் ஒரா ஃபினின்னு வந்தா எஸ் வேண்டாம், இல் ஒரே ஃபினின்னு வந்தா அது நடக்காத கதை, "நான்" வாக்கியத்துல எஸ் போட்டே ஆகணும்.

இன்னிக்கே உக்காந்து ஒரு நோட்டுல இந்த மூணையும் பிரெஞ்சுல எழுதிப் பாருங்க. மழை நின்னதும் கிளம்புவோம். அவ போனை வீட்லயே மறந்து வச்சிருப்பா. நீ கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். மூணாவதுல எத்ர் வேணும், ஆனா ஸெரே-யோட கடைசி எழுத்து என்னன்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவனைப் போட்டுச் சொல்லிப் பாத்துடுங்க.